பேக்கரி மாடியில் ஓடிய அழுகை

ஆவரங்கோட்டை பஜாரில் பச்சைப்பிள்ளைகளின் அழுகை குழாய் ஸ்பீக்கரில் ஒலித்துக்கொண்டிருந்த வருஷத்தைப் பற்றி வெளியூர்க்காரர் யாராவது விசாரித்தால், எங்கள் ஊரில் யாரும் அதை அதிசயம் என்று சொல்ல மாட்டார்கள். அந்த வருஷம் மழை சரியாகப் பெய்தது என்பார்கள், தக்காளியை ரோட்டில் கொட்டினோம் என்பார்கள், டெல்பின் சிஸ்டர் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் படிக்கப் போன வருஷம் அது என்பார்கள், அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும்.

டெல்பின் சிஸ்டர் எங்கள் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நர்ஸாக இளமை முழுவதையும் கழித்தவர். ஊரில் மீசை முளைத்துத் திரிகிற பயல்களில் முக்கால்வாசிப் பேரைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து உள்ளங்காலில் சுண்டியவர் அவர்தான் என்பதால், பஜாரில் அவர் நடந்து வந்தால் எவ்வளவு பெரிய சண்டியரும் பீடியைப் பின்னால் மறைப்பார். பிறந்த பிள்ளையின் நாக்கில் நல்ல மனசுள்ள ஒருத்தர் சீனித்தண்ணி தொட்டு வைத்தால் பிள்ளை அவர் குணத்தோடு வளரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சேனை வைப்பது என்று அதற்குப் பெயர். ஆஸ்பத்திரியில் அதெல்லாம் கூடாது என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கும், அந்த எழுத்துக்குக் கீழேயே படுத்துக்கொண்டு பெற்றவர்கள் டெல்பின் சிஸ்டரிடம் கெஞ்சுவார்கள், அவரும் நாலு வசவு வைதுவிட்டு, கையைக் கழுவி, விரல் நுனியில் பொட்டு ஈரம் எடுத்துப் பிள்ளையின் நாக்கில் தொட்டு வைப்பார்.

அப்படிப்பட்டவர் ஏன் வேலையை விட்டார் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது என்றார்கள், புது டாக்டரோடு ஒத்துப்போகவில்லை என்றார்கள். நடந்தது என்னவென்றால், ஒரு பிரசவத்தில் பிள்ளை மூச்செடுக்காமலேயே போய்விட்டது. யார்மேலும் பிழையில்லை என்று டாக்டர் சொன்னார், பெற்றவளே சொன்னாள். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்த டெல்பின் சிஸ்டர் தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

“ஏங்க, தப்பு வந்தா அழிச்சிட்டு மறுபடி எழுதுத மாதிரி ஒரு வேலை இந்த ஒலகத்துல கெடையாதா?” என்று புருஷனிடம் கேட்டார்.

புருஷன் சவரிமுத்து மின்வாரியத்தில் லைன்மேன். “எங்க வேலையும் அப்படி இல்லட்டி. கம்பியில தப்புப் பண்ணினா ஆளே அழிஞ்சிருவான். கம்ப்யூட்டர்ல எழுதுதவங்களுக்கு வேணா அப்படி உண்டும்பாங்க” என்றார்.

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். விளையாட்டு வினையாகும் என்று சும்மாவா சொன்னார்கள். அந்த வாரமே டெல்பின் சிஸ்டர் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பஜாரில் சுடலைமுத்து பேக்கரிக்கு மேல்மாடியில் புதிதாகத் திறந்திருந்த கம்ப்யூட்டர் சென்டரில், ‘எந்த வயதினரும் சேரலாம்’ என்று போர்டில் எழுதியிருந்ததை ஊரிலேயே முதன்முதலாக நம்பிய ஆளாக, நாற்பத்தேழு வயதில் போய்ச் சேர்ந்தார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா சிஸ்டர் என்று சுடலைமுத்து கல்லாவிலிருந்து கேட்டதற்கு, ‘அம்பதுக்கு இன்னும் மூணு வருஷம் கெடக்கு, அதுக்குள்ள வளைஞ்சிருவேன்’ என்று சொல்லிக்கொண்டே படியேறினார்.

அவர் வெள்ளை உடுப்பை மடித்து ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் காலை, அந்த வருஷம் அவர் விரலில் சேனை வாங்கிய பிள்ளைகள் எல்லாம் சத்தமில்லாமல் அழத் தொடங்கின. சிரித்தால் சத்தம் வந்தது, ‘ங்கா’ என்றால் சத்தம் வந்தது, தும்மினால்கூடப் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது; அழும்போது மட்டும் முகம் சிவந்து, கை இறுகி, வாய் கோணி, கண்ணீர் காதுப்பக்கம் வழிந்து எல்லாம் முறைப்படி நடக்க, சத்தம் மட்டும் இல்லை. பிள்ளை சமர்த்தாகக் கிடக்கிறதே என்று மாமியார்கள் சந்தோஷப்பட்டார்கள், பெற்றவர்கள் ராத்திரியில் எழுந்து எழுந்து தொட்டிலை எட்டிப் பார்த்தார்கள்.

மாடியில் பாடம் நடத்த வந்த அஜிதாவும் டெல்பின் சிஸ்டர் கையில் வந்து விழுந்தவள்தான், அதுவும் கால் முன்னே வந்து எல்லோரையும் படுத்தி எடுத்துப் பிறந்தவள். ஆனாலும் அவள் வகுப்புக்குள் நுழைந்தால் டெல்பின் சிஸ்டர் எழுந்து நின்று ‘குட்மார்னிங் மிஸ்’ என்பார், அவள் கூச்சத்தில் நெளிந்து ‘உக்காருங்க சிஸ்டர், ப்ளீஸ்’ என்பாள். முதல் பாடமாக அவரவர் பெயரைத் திரையில் வரவைக்க ஒரு வரி எழுதச் சொன்னாள். டெல்பின் சிஸ்டர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, ஓட விட்டார். பெயர் வந்தது. கூடவே ஒரு பச்சைப்பிள்ளை வீல் என்று அழுதது.

அஜிதா குனிந்து பார்த்தாள், லேப்டாப்பில் சத்தம் அணைத்துத்தான் இருந்தது. வேறொரு லேப்டாப்பைக் கொடுத்தாள், அதுவும் அழுதது. அதே வரியை அவள் எழுதினால் அது வாயைத் திறக்கவில்லை, டெல்பின் சிஸ்டர் உட்கார்ந்து எழுதினால் அழுதது.

டெல்பின் சிஸ்டர் ஆச்சரியப்படவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டார், அவ்வளவுதான். “பசி அழுகைல்லா இது. நம்ம செண்பகம் பிள்ள மாதிரில்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு, கீழத்தெருவில் பீடி சுற்றுகிற செண்பகத்துக்குப் போன் போட்டார்.

“ஏட்டி, ஒம் பிள்ள என்ன செய்யுதான்?”

“தொட்டில்ல கெடக்கான் சிஸ்டர், சத்தமே இல்ல, ஒறங்குதான்னு...” செண்பகம் எழுந்து போய் எட்டிப் பார்ப்பது கேட்டது. “ஐயையோ, வாயப் பொளந்துக்கிட்டு அழுதுக்கிட்டுல்லா கெடக்கான்! முகமெல்லாம் செவந்து போச்சே!”

“பாலக் குடுளா மொதல்ல, பெறவு ஐயையோ சொல்லு.”

செண்பகம் பிள்ளையை மாரில் போட்டாள், இங்கே கம்ப்யூட்டர் விசும்பி விசும்பி அடங்கியது. அந்தப் பிள்ளைக்கு இசக்கிராஜா என்று பெயர்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எங்கள் ஊர் முறைப்படி நடந்தது. அம்மன் கோயில் பூசாரி எலுமிச்சம்பழம் கொடுத்தார், சர்ச்சுப் பங்குச்சாமி தலையில் கைவைத்து ஜெபித்தார், பெரிய ஆஸ்பத்திரியில் விளக்கடித்துப் பார்த்துத் தொண்டை சுத்தமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் குழாயடியில் பெண்கள்தான் தீர்ப்புச் சொன்னார்கள்: சேனை தொட்ட விரல் எங்கே போகிறதோ அங்கேதானே பிள்ளையின் குரலும் போகும், விரல் இப்போது கம்ப்யூட்டரைத் தட்டுகிறது, அதனால் அழுகை கம்ப்யூட்டரில் கேட்கிறது, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது. அந்தப் பேச்சோடு ஊர் காரணம் தேடுவதை விட்டுவிட்டு, காரியத்தைப் பார்க்கத் தொடங்கியது.

காரியம் என்னவென்றால், டெல்பின் சிஸ்டர் ஏதாவது ஒரு புரோகிராமை ஓட விட்டால்தான் அழுகை கேட்டது, ஓடி முடிந்தால் நின்றது. மற்ற நேரத்தில் எந்தப் பிள்ளை அழுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் அவர், படிக்கிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பைச் செய்தார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி நாலு வரி எழுதியவர், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லும் வரியை எழுத மறந்துபோனார். புரோகிராம் ஓடிற்று, ஓடிற்று, ஓடிக்கொண்டே இருந்தது. “இது தப்பு சிஸ்டர், இப்படி விட்டா நிக்கவே நிக்காது” என்று அஜிதா அணைக்கப் போக, பிள்ளையின் குரலைக் கேட்கவென்று படியில் வந்து நின்ற தாய்மார்கள் ஒரே குரலில் “அணைக்காதளா, ஓடட்டும்!” என்றார்கள்.

அது ஓடட்டும் என்று விடப்பட்டது. மைக்செட் கடைக்காரர் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்து பேக்கரி மொட்டைமாடியில் பஜாரைப் பார்த்துக் கட்டினார், வாடகை வேண்டாம் என்றார், அவர் பேத்தியும் அந்த வருஷத்துப் பிள்ளைதான். காய்கறிக்கடையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறவள் குழாயில் ஒரு அழுகை எழும்பினால் தலையை நிமிர்த்தி, ‘நமக்குத்தான்’ என்று கூடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவாள். ரேஷன் வரிசையில் நிற்கிறவள் காதைக் கொடுத்து, ‘எனக்கில்ல, மேலத்தெரு மாரிக்கு’ என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் நிற்பாள், யாராவது ஓடிப்போய் மாரியிடம் சொல்வார்கள். மாமியார்கள் தத்தம் பேரப்பிள்ளையின் அழுகைதான் பஜாரிலேயே எடுப்பு என்று போட்டி போட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற வெளியூர்க்காரர்கள் மிரண்டு பார்த்தால், ‘ஒண்ணுமில்ல, பிள்ளையளுக்குப் பசி’ என்று டீக்கடையில் சொல்லி அனுப்பினார்கள்.

டெல்பின் சிஸ்டரும் சும்மா இருப்பவர் இல்லையே. படித்துக்கொண்டே ஒரு காதை அந்த அழுகையில் வைத்திருப்பார், திடீரென்று மைக்கை இழுத்து, “மாரி, இது வயித்து வலி, ஓமத்தண்ணி குடு” என்பார், “செண்பகம், இது சும்மா அழுகை, தூக்காத, தூக்கிப் பழக்குனா எறங்க மாட்டான்” என்பார், அவர் சொல்வது பஜார் முழுக்கக் கேட்கும், ஆண்கள்கூட எந்தப் பிள்ளைக்கு மாந்தம், எந்தப் பிள்ளைக்குப் பல் முளைக்கிறது என்பதெல்லாம் அறிந்திருந்தார்கள். யோசித்துப் பார்த்தால் எங்கள் ஊர் அவ்வளவு ஒற்றுமையாக வேறெந்த வருஷமும் இருந்ததில்லை. அது போனபிறகுதானே அருமை தெரிகிறது.

அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் அவர் படித்தார், நன்றாகவே படித்தார். வரிக்கு வரி தப்பு வரும், கூடப் படிக்கிற பிள்ளைகள் சலித்துப்போய் பஃப்ஸ் தின்னக் கீழே இறங்கிவிடும், அவர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தப்பு எங்கே என்று தேடுவார். கண்டுபிடித்து, அழித்து, எழுதி, அது சரியாக ஓடும்போது, வலி நின்ற ஆளைப் போல மூச்சு விடுவார். “மிஸ், நேத்து வந்த தப்பு இன்னைக்கு இருந்த எடமே தெரியல பாத்தீங்களா” என்று அஜிதாவிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சியில் ஒரு பாவமும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு சிலபேர் வேறுமாதிரி பேசினார்கள்.

சென்னையில் ஒரு கம்பெனியிலிருந்து வீடியோவில் இன்டர்வியூ வைத்தார்கள். டெல்பின் சிஸ்டர் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கேட்டதையெல்லாம் எழுதி ஓட்டிக் காட்டினார்.

“மேடம், பின்னாடி குழந்தை அழுவுது பாருங்க. போய்ப் பாத்துட்டு வாங்க, நாங்க வெயிட் பண்றோம்” என்றார் அங்கிருந்த அதிகாரி.

“அது பின்னாடி இல்ல சார், உள்ளதான் அழுது. மேலத்தெருப் பிள்ளைக்கு ஈரத்துணி மாத்தணும். இப்ப நின்னுரும்.”

அவர்கள் என்ன நினைத்தார்களோ, வேலையைக் கொடுத்துவிட்டார்கள். ஒரே நிபந்தனை: அந்தச் சத்தத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் சேர வேண்டும், கம்பெனி எந்திரத்தில் அது கேட்கக் கூடாது. அவர் எந்த எந்திரத்தில் உட்கார்ந்தாலும் அது அவரோடு வந்து உட்கார்ந்தது, அவர் இல்லாத எந்திரத்தில் ஊமையாகிவிட்டது, ஆகையால் அழுகையை இங்கே விட்டுவிட்டு அவர் மட்டும் போகவும் வழியில்லை.

அஜிதாதான் மெதுவாகச் சொன்னாள். “நீங்க எழுத மறந்தீங்கல்ல சிஸ்டர், அந்த நிறுத்துற வரி. அதை எழுதினா நின்னுரும்னு தோணுது.”

டெல்பின் சிஸ்டர் அதை வெகுநாள் யோசித்தார். யோசித்தது கம்ப்யூட்டர் படித்தவராக அல்ல, பிரசவ வார்டு நர்ஸாக. தப்பு அங்கேதான் நடந்தது. அவர் எத்தனையோ தொப்புள்கொடியைக் கத்தரித்தவர். கொடியை வெட்டினால் பிள்ளை தாயிடமிருந்து பிரிந்து, தன் மூச்சைத் தானே இழுத்து, தன் குரலில் தானே அழும். வெட்டாமலே வைத்திருந்தால்தான் ஆபத்து. இந்த அழுகையும் ஒரு கொடியில் தொங்கிக்கொண்டிருக்கிறது, நான்தான் வெட்டாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன், வெட்டிவிட்டால் அதது தொண்டைக்கு அதது அழுகை போய்ச் சேர்ந்துவிடும் என்று அவர் மனசார நம்பினார். நம்பினாலும், பெற்றவர்களைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று நினைத்தார். வேலை கிடைத்த சேதியையும் சொல்ல வேண்டும், அதையும் கேட்க வேண்டும், சேதியை வெறுங்கையோடு சொல்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லாததால், சுடலைமுத்து கடையில் லட்டு வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. நல்ல காரியத்துக்குக் கிளம்பி, கையில் இனிப்போடு வாசலில் வந்து நிற்கிற ஆளிடம் ‘வேண்டாம்’ என்ற சொல்லை எடுக்க மாட்டார்கள். எங்கே போகிறீர்கள் என்றுகூடக் கேட்க மாட்டார்கள், போகிற காரியம் தடைப்படும் என்று. இனிப்பை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு நல்ல வார்த்தை நாலு சொல்லி அனுப்புவார்கள், மனசில் உள்ளதை அவர் தெருமுனை திரும்பியபிறகு வீட்டுக்குள் பேசிக்கொள்வார்கள்.

“தாராளமா செய்யுங்க சிஸ்டர்” என்றாள் மாரி.

“எங்களுக்காக எவ்வளவு காலம் ஒழைச்சிட்டிய, இனி ஒங்க பொழப்பப் பாக்காண்டாமா?” என்றார் மைக்செட் கடைக்காரர், குழாயைக் கழற்ற நானே வருகிறேன் என்றும் சொன்னார்.

செண்பகம் இசக்கிராஜாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். டெல்பின் சிஸ்டர் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, “வெட்டிவிட்டா அவன் அழுகை அவன்கிட்ட வந்துரும்னு நெனைக்கேன். நீ என்னளா சொல்லுத?” என்று கேட்டார். பிரசவ வார்டில் யாரிடமும் எதையும் கேட்காமல், முக்கு என்றால் முக்க வேண்டும், படு என்றால் படுக்க வேண்டும் என்று அதட்டிய குரல், இப்போது இவ்வளவு தணிவாகத் தன்னிடம் அனுமதி கேட்கிறதே என்பதே செண்பகத்துக்குத் தாங்க முடியவில்லை. வராவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. வாயில் லட்டு இருந்தது.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சிஸ்டர்” என்றாள்.

ஒவ்வொருத்தியும், வேறு யாராவது ஒருத்தி வேண்டாம் என்று சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை.

மறுநாள் முற்பகலில் மாடியில் வைத்து டெல்பின் சிஸ்டர் அந்த ஒரு வரியை எழுதினார். கீழே பஜார் முழுக்க நின்றது, கையில் பிள்ளையோடு தாய்மார்கள் பேக்கரி வாசலில் நின்றார்கள், காய்கறிக்கடைக்காரர் தராசை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார். குழாயில் அப்போது அழுதுகொண்டிருந்தது ஒரு பெண்பிள்ளை, தூக்க அழுகை. அது பாதியில் நின்றது. டெல்பின் சிஸ்டர் ஜன்னலில் தலையை நீட்டி அந்தப் பிள்ளையைப் பார்த்தார், எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். அது தாயின் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்து, கண்ணீர் வழிய அழுதுகொண்டிருந்தது, சத்தமில்லை. அழுகை மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

அவர் உடனே அந்த வரியை அழித்தார். அழித்துவிட்டு ஓட விட்டார். புரோகிராம் முன்போலவே நிற்காமல் ஓடியது, சத்தம் மட்டும் திரும்பவில்லை. அன்றைக்குப் பொழுது சாயும்வரை அவரும் அஜிதாவும் எழுதி எழுதி அழித்துப் பார்த்தார்கள். கடைசியில் தாய்மார்களே மேலே ஏறி வந்து, “விடுங்க சிஸ்டர், பேச ஆரம்பிச்சா எல்லாம் சரியாப் போயிரும். நல்ல நாளும் அதுவுமா இப்படி இருக்காதிய, வேலைக்குக் கெளம்புங்க” என்று ஆறுதல் சொல்லி, லட்டு நன்றாக இருந்தது என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர் சென்னைக்குப் போனார், சவரிமுத்து மாற்றல் வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனார். அங்கே டெல்பின் சிஸ்டர் பெரிய பெயரெடுத்தார் என்று கேள்விப்பட்டோம். அவர் எழுதியது தப்பில்லாமல் ஓடுமாம், தன் பிள்ளை வயசுப் பையன்கள் எழுதியதில் தப்பிருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து பொறுமையாகக் கண்டுபிடித்துக் கொடுப்பாராம். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் போட்டுப் பிள்ளைகள் எப்படியிருக்கிறார்கள் என்று கேட்பார், நாங்களும் நல்லா இருக்காங்க சிஸ்டர், பேசுறாங்க, பாட்டெல்லாம் பாடுறாங்க என்போம். அழுவுதா என்று அவர் கேட்க மாட்டார், நாங்களும் சொல்ல மாட்டோம்.

பிள்ளைகள் பேசினார்கள், பாடினார்கள், கெட்டவார்த்தைகூடக் கற்றுக்கொண்டார்கள்; அழுதால் மட்டும் சத்தமில்லை. ஊர் அதற்கும் ஒரு வழி கண்டது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கரும்பலகையில் எழுதும்போதே அடிக்கடி திரும்பி முகம் முகமாகப் பார்த்துக்கொண்டார், தாய்மார்கள் சோறு பொங்கும்போதும் பிள்ளையைக் கண்ணுக்கு எட்டும் இடத்தில் உட்கார வைத்தார்கள். ஒரு வீட்டில் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு ஆள் வேண்டியிருந்தது.

ஒருநாள் செண்பகம் பீடிக்கட்டை ஒப்படைக்கக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது இசக்கிராஜாவைக் காணவில்லை. தெருவெல்லாம் கூப்பிட்டார்கள், குளத்தங்கரை வரைக்கும் போனார்கள். அவன் எங்கேயும் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் குடிதண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய குழியில் விழுந்து, கால் மடங்கி, பெற்றவள் தன் பேரைக் கூப்பிட்டுக்கொண்டு மேலே போவதும் வருவதும் காதில் விழ, வலியில் பேச்சும் வராமல் வாயைத் திறந்து அழுதுகொண்டே கிடந்திருக்கிறான். ஆடு மேய்க்கிற ஒருத்தர் தற்செயலாகக் குனிந்து பார்த்ததால் பிழைத்தான். எலும்பு கூடியது, ஆனால் அந்தக் கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வருஷத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும், ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்து, காலில் சலங்கை கட்டினார்கள்.

சலங்கைச் சேதி எப்படியோ சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. டெல்பின் சிஸ்டர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். அன்றைக்கு எனக்கு அறிவு போதவில்லை, இப்போது போதும் என்று அஜிதாவிடம் சொன்னாராம். அந்தப் பழைய லேப்டாப்பை சென்டர் பரணிலிருந்து இறக்கி, அந்த வருஷத்தில் அதில் என்னென்ன எப்படி இருந்ததோ அதையெல்லாம் ஒரு புள்ளி மாறாமல் அப்படியே கொண்டுவந்து வைத்தார். சென்னையில் கற்றுக்கொண்ட அத்தனை வித்தையையும் அதற்காகவே கற்றவர் போல அதில் இறக்கினார். பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும்படி எல்லாத் தாய்மார்களுக்கும் சொல்லி அனுப்பினார்.

எல்லோரும் வந்தார்கள். கூடம் நிறைந்தது. டெல்பின் சிஸ்டர் கேக்கும் டீயும் கொடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, புரோகிராமை ஓட விட்டார். “இப்ப ஏதாச்சும் ஒரு பிள்ள அழணும்” என்றார். ஆனால் கையில் கேக்கும் காலில் சலங்கையுமாகக் கூடத்தில் ஓடிப்பிடித்து விளையாடுகிற பிள்ளைகளை எப்படி அழச் சொல்வது? தாய்மார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாரி தன் மகளை மடியில் இழுத்துப் போட்டு, வேறுபக்கம் பார்த்துக்கொண்டு, தொடையில் கிள்ளினாள். பிறகு மற்றவர்களும் கிள்ளினார்கள், கிள்ளிவிட்டு அந்த இடத்தையே தடவிக் கொடுத்தார்கள். செண்பகம் வெகுநேரம் சும்மா இருந்தாள். கடைசியில் அவளும் மகனைக் கிள்ளினாள், மற்ற எல்லோரையும்விட அழுத்திக் கிள்ளினாள்.

கூடம் முழுக்கப் பிள்ளைகள் அழுதார்கள். சிவந்த முகங்களில் தாரை தாரையாகக் கண்ணீர் வழிந்தது, உதறிய கால்களில் சலங்கை குலுங்கியது. பெரியவர்கள் எல்லோரும் மூச்சுக்கூட விடாமல் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் வரிகள் ஒரு பிழையும் இல்லாமல் மேலேறிப் போய்க்கொண்டே இருந்தன, அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

“ஓடுதா சிஸ்டர்?” என்று மாரி கேட்டாள்.

“ஓடுது” என்றார் டெல்பின் சிஸ்டர்.

“ஓடுச்சுன்னா சரிதான் சிஸ்டர். இவ்வளவு கஷ்டப்பட்டியளே, அதுவே போதும். கேக் நல்லாருந்துச்சு.”

டெல்பின் சிஸ்டர் அவர்களைத் திரும்பிப் பார்த்தார். “யாராவது ஒருத்தி என்னை வாய்விட்டுத் திட்டுங்களேன். அன்னைக்கே வேண்டாம்னு ஒருத்தியாவது சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

“என்ன சிஸ்டர் இப்படிச் சொல்லுதிய, நீங்க கை தொடாட்டா இந்தப் பிள்ளையளெல்லாம் பூமியில விழுந்திருக்குமா?” என்று எல்லோரும் பதறினார்கள். டீ டம்ளர்களைப் பொறுக்கி அடுக்கினார்கள், பிள்ளைகளின் மூக்கைச் சிந்தித் துடைத்துவிட்டார்கள், சிஸ்டர் இளைத்துப்போய்விட்டதாகச் சொல்லி வருத்தப்பட்டார்கள்.

இசக்கிராஜா மட்டும் இன்னும் அழுதுகொண்டிருந்தான். தாயின் பிடியை உதறிவிட்டு, குட்டைக்காலை இழுத்து இழுத்து நடந்து நாற்காலிக்குப் போனான், கீபோர்டின்மேல் கிடந்த டெல்பின் சிஸ்டரின் கையை இரண்டு கையாலும் பற்றித் தூக்கினான், தூக்கி, பல் பதியக் கடித்தான்.

“ஏலே! விடுல! சிஸ்டர், தப்பா நெனைச்சிராதிய, சின்னப் பிள்ள, தெரியாம...” செண்பகம் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

டெல்பின் சிஸ்டர் கையை எடுக்கவில்லை. “இழுக்காதளா. அவன் சொல்லட்டும்” என்றார்.

 செண்பகம் மகனின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.